நீலியின் முடிவை யார் கையில் கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

நாகர்கோவிலில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் வணிகனாகப் பிறந்து வரும்போது பேயாக வந்து பழிவாங்கும் நீலியின் கதையை, நானும் இரண்டு நண்பர்களும் ஒரு சிறிய வீடியோ கேமாகச் செய்துகொண்டிருக்கிறோம். சமீபத்தில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ (2013) விளையாடினேன். அதில் நாம் ஆடும் ஜோயல், தன்னோடு வந்த சிறுமியைக் காப்பாற்ற, கடைசியில் ஆஸ்பத்திரி அறையில் ஒரு டாக்டரைக் கொல்ல வேண்டும். கொல்ல எனக்கு மனமில்லை. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கொன்றால்தான் கதை நகரும் என்று புரிந்ததும் கோபம் வந்தது. எல்லாம் எழுதியவர் கையில் என்றால் நான் எதற்கு, சினிமாவே பார்த்துவிடலாமே? எல்லாம் என் கையில் என்றால் அது கதையாக இருக்குமா? எங்கள் கேமில் வணிகன் தப்பிக்கிற மாதிரி ஒரு முடிவும் வைக்கலாம் என்கிறான் நண்பன். வைக்கலாமா?

எஸ்.,
தக்கலை

அன்புள்ள எஸ்.,

அந்த அறையில் டாக்டரோடு இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களை விட்டுவிடலாம். கத்தியோடு நிற்கும் டாக்டரை மட்டும் விட வழியில்லை. இதையே திரையில் பார்த்திருந்தால் ஜோயல் செய்தது சரியா தப்பா என்று நண்பர்களிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் தூங்கப் போயிருப்பீர்கள். பட்டனை அழுத்தியது உங்கள் விரல் என்பதால்தான் இந்தக் கடிதம் வந்திருக்கிறது. உங்களுக்குக் கோபம் வந்ததை அந்த விளையாட்டின் வெற்றி என்றே சொல்வேன்.

கதையை மாற்றும் அதிகாரம் வேறு, கதையைத் தன் கையால் செய்வது வேறு. வீடியோ கேம் பற்றிப் பேசும்போது இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அதிகாரத்தை முழுதாகக் கொடுக்கவும் முடியாது. பத்து இடங்களில் இரண்டிரண்டு வழி வைத்தால் 1024 பாதைகள் ஆகிவிடும். எந்தக் குழுவும் அத்தனையும் எழுதாது. அதனால் பிரித்த வழிகளைக் கொஞ்ச தூரத்திலேயே ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள்.

‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ கிடைத்தால் நீங்கள் மூவரும் விளையாடிப் பாருங்கள். அதுவும் 2013-இல் வந்ததுதான். இயக்கிய ஜோசஃப் ஃபாரெஸ் சினிமாவிலிருந்து வந்தவர். அண்ணன், தம்பி என்று இரண்டு சிறுவர்கள். கன்ட்ரோலரில் நடக்கவைக்கும் இடது ஸ்டிக்கும், சுட்டுவிரலால் அழுத்தும் இடது ட்ரிக்கரும் அண்ணனுக்கு, வலது இரண்டும் தம்பிக்கு. அம்மா நீரில் மூழ்கி இறந்தவள், அதனால் தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் அண்ணனின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் போவான். கடைசியில் அண்ணன் இறந்துவிடுகிறான். அவன் உடலை இழுத்துக் குழியில் இட்டு மண் தள்ளுவதைக்கூட நம் கைதான் செய்ய வேண்டும். அதன்பின் இடது கைக்கு வேலையே இல்லை. புயலில் பெருகிய வெள்ளத்தின் முன் தம்பி தனியாக நிற்கிறான். அவனுக்குரிய ட்ரிக்கரை எத்தனை முறை அழுத்தினாலும் இறங்க மாட்டேன் என்கிறான். இறந்துபோன அண்ணனின் ட்ரிக்கரை அழுத்தினால் நீந்தத் தொடங்குகிறான்.

இந்தக் கதையில் நீங்கள் எதையுமே மாற்றவில்லை. முடிவு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அண்ணனின் பலம் தம்பிக்குள் வந்துவிட்டது என்பதை வசனமோ இசையோ சொல்லவில்லை, உங்கள் இடது சுட்டுவிரல் கண்டுபிடித்தது. சினிமாவாலும் நாவலாலும் இதைச் செய்ய முடியாது. நீங்கள் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் கதையின் முடிவு தெரியும். சாமியாடிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். உடுக்கையும் குடமும் வேகம் பிடிக்கிற கட்டத்தில், அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர் ஆடத் தொடங்குகிறார். அவர் கதையில் ஒரு வரியையும் திருத்துவதில்லை, ஆனால் அது அவர் உடம்பில் நடக்கிறது.

ஒன்றில் உங்கள் கட்சிதான் நான். முக்கியமான இடம் வந்ததும் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டு, பார்க்க மட்டுமே முடிகிற கட்சீன் ஓடவிடுகிறார்களே, அது எனக்கும் பிடிக்காது. மணிக்கணக்கில் ஓடி ஒளிந்து சண்டை போட்டவனை, கதை திரும்புகிற நேரத்தில் ஓரமாக உட்காரவைப்பது அவமதிப்பு. 1998-இலேயே ‘ஹாஃப்-லைஃப்’ இதைத் தவிர்த்துக் காட்டிவிட்டது. மற்றவர்கள் பேசும்போதும் நடக்கலாம், வேறுபக்கம் பார்க்கலாம்.

இனி நீலி. வணிகனைக் காப்பாற்றும் முடிவு வேண்டாம். அதை வைத்தால் ஆட்டம் ‘எப்படித் தப்பிப்பது’ என்ற புதிராகிவிடும், நீலிக்கு நடந்த கொடுமையை யாரும் நினைக்க மாட்டார்கள். விளையாடுபவரை வணிகனாக்கவும் வேண்டாம். கள்ளிச்செடிக் கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர்தான் என் புருஷன்’ என்று அவள் முறையிடும் சபையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவராக்குங்கள். கதையின் ஒரு வடிவத்தில், வணிகன் கையிலிருக்கும் வாளை அவர்கள் வாங்கிவைத்துவிட்டு, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அந்த வாளை வாங்கும் பட்டன் விளையாடுபவரிடம் இருக்கட்டும்.

நீலியையே முப்பந்தல் இசக்கியம்மனாகக் கும்பிட்டு வளர்ந்த நம் ஊர்ப் பையனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். தயங்கட்டும். அவள் முகத்தைப் பார்க்கட்டும், குழந்தையைப் பார்க்கட்டும், வணிகனிடம் கேள்வி கேட்கட்டும். இதற்கெல்லாம் இடம் வையுங்கள், உங்கள் உழைப்பில் பெரும்பகுதி இங்கேயே போகட்டும். கட்சீன் மட்டும் வேண்டாம். அவன் பட்டனை அழுத்தாமல் எவ்வளவு நேரம் நின்றாலும் சபை காத்திருக்கட்டும்.

ஒரு லெவல் முடிந்தாலும் அனுப்பிவையுங்கள், விளையாடிவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்