16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வணிகர்கள் ஆசியாவைப் பற்றிய தகவல்களை எப்படித் திரட்டினார்கள்?

பெரும்பாலும் அடுத்தவர் குறிப்பேட்டைப் பிரதி எடுத்துத்தான். டச்சுக்காரர்களை எடுத்துக்கொண்டால் பளிச்சென்று தெரியும்.

யான் ஹைகன் வான் லின்ஸ்கோட்டன் 1583-இல் கோவா வந்து, போர்த்துகீசியப் பேராயரிடம் எழுத்தராக இருந்தார். மலாக்காவையோ சீனாவையோ அவர் கண்ணால் கண்டதில்லை. போர்த்துகீசியக் கப்பலோட்டிகளின் குறிப்புகளைத் தேடிச் சேர்த்தார்: எந்த முனை எந்த அட்சரேகை, எங்கே எவ்வளவு ஆழம், எந்த மாதம் எந்தக் காற்று. 1595-இல் அது ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. மலாக்கா போர்த்துகீசியர் பிடியில் இருந்ததால் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணை வழியே போகச் சொல்லியிருந்தார். அதே ஆண்டு ஹௌட்மன் தலைமையில் நான்கு கப்பல்கள் கிளம்பி, 1596 ஜூனில் ஜாவாவின் பாண்டம் துறைமுகத்தைத் தொட்டன. போன 249 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஊர் திரும்பவில்லை. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு வழிகாட்டிப் புத்தகத்தில் மருந்தில்லை.

1602-இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி வந்ததும் இதுவே அலுவலக நடைமுறையானது. திரும்பும் கப்பல் தன் பயணப் பதிவேட்டை ஒப்படைத்தாக வேண்டும். ஹெசல் கெரிட்ஸ் போன்ற கம்பெனி வரைபடக்காரர்கள் அவற்றை ஒப்பிட்டுப் படங்களைத் திருத்துவார்கள்.

1611-இல் ஹென்ட்ரிக் பிரௌவர் நன்னம்பிக்கை முனையிலிருந்து நேர் கிழக்கே மேலைக்காற்றில் ஓடி, பிறகு வடக்கே திரும்பி ஜாவா சேர்ந்தார். பயண நேரம் வெகுவாகக் குறைந்ததால் கம்பெனி அதையே விதியாக்கியது: கிழக்கே குறைந்தது 1,000 டச்சு மைல், அதாவது சுமார் 7,400 கிலோமீட்டர்.

சிக்கல் எங்கே என்றால், அட்சரேகையைச் சூரிய உயரத்தை அளந்து கண்டுபிடிக்கலாம். தீர்க்கரேகைக்கு அப்போது வழியில்லை. கப்பலின் முன்முனையிலிருந்து கடலில் மரத்துண்டைப் போட்டு, கப்பல் விளிம்பிலுள்ள இரண்டு குறிகளுக்கு இடையே அது நகரும் நேரத்தை வைத்து வேகம் கணிப்பார்கள். நீரோட்டம் துண்டையும் கப்பலையும் சேர்த்தே தள்ளுமே, அந்தக் கணக்கு எதிலும் வராது! மணிக்கு ஒரு கிலோமீட்டர் ஓட்டம் என்றாலே 30 நாளில் 720 கிலோமீட்டர் பிசகும். வடக்கே திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டினால் எதிரே ஆஸ்திரேலியா. 1616-இல் டிர்க் ஹார்டாக் அங்கே கரையிறங்கியதும் இப்படித்தான். கெரிட்ஸ் பதிவேடுகளைக் கோத்து 1627-இல் அந்தக் கரையை வரைந்தார். 1629-இல் 'பட்டாவியா' கப்பல் மோதிய, அதே கரைக்கு அருகிலுள்ள அப்ரோலோஸ் திட்டுகளும் 1619-லேயே கண்டறியப்பட்டவைதாம்; தங்கள் கப்பல் அவற்றுக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதுதான் அதில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.