முடக்குவாதம் ஆயுளைக் குறைக்குமா? என் அம்மாவின் இறப்புச் சான்றிதழில் இல்லாத சொல்

“என் அக்காவுக்கு 38 வயது. முடக்குவாதம் என்று போன மாதம் உறுதியாயிற்று. வாரம் ஒருமுறை போடும் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்நோய் உள்ளவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்று படித்தேன், உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அக்கா தூங்கிய பிறகு, அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். “மூட்டு வலியால் யாரும் சாவதில்லை” என்று உங்களுக்கு ஏற்கெனவே பலர் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதால், இக்கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

நான் மருத்துவன் அல்லன். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கி அழற்சியை, அதாவது வீக்கத்தையும் வலியையும், உண்டாக்கும் இந்த நோயோடு (ஆங்கிலத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) 2009 முதல் வாழ்பவன், இதே நோய் இருந்த தாயின் மகன், அவ்வளவே. பயமுறுத்துகிறேன் என்று குறைசொல்ல வருபவர்கள் முழுவதையும் படித்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நேரடியான விடை இதுதான். முடக்குவாதம் உள்ளவர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று பழைய தொகுப்பு ஆய்வுகள் கணக்கிட்டன. ஒன்றரை மடங்கு என்றதும் மனம் பதறுகிறது. ஆனால் எதன் ஒன்றரை மடங்கு என்று கேட்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, நாற்பது வயதை நெருங்கும் ஆயிரம் பேரில் ஓராண்டில் இரண்டு பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மடங்கு என்பது மூன்று பேர். மேலும் அந்த விகிதம், நல்ல மருந்துகள் வருவதற்கு முன் நோயுற்று, பல ஆண்டுகள் அழற்சி அடங்காமலே வாழ்ந்தவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. தொடக்கத்திலேயே கண்டறிந்து சரியாகச் சிகிச்சை பெறுபவர்களிடம் இந்த இடைவெளி குறைந்துவருகிறது என்பதே அண்மைக்கால ஆய்வுகள் பலவற்றின் போக்கு. உங்கள் அக்கா இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். என் அம்மா முதல் கூட்டம்.

அம்மாவுக்கு 1977ல், முப்பத்தைந்து வயதில் நோய் தொடங்கியது. நோயை அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட் இந்நோய்க்கு அமெரிக்காவில் முறையான அனுமதி பெற்றதே 1988ல்தான்; அம்மா அதைப் பார்த்ததே இல்லை. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும்தான் அவருடைய மருத்துவம். கடைசி ஓராண்டில் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுவார். விரல்கள் மடங்காததால் கைப்பிடியைப் பிடிக்க முடியாமல், முன்கையை அதன்மேல் போட்டு, உடல் எடையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். முழங்கால்தான் நிறுத்துகிறது என்று நாங்கள் எண்ணினோம், அவரும் அப்படியே எண்ணினார். வேகமாக நடக்க முடிந்தவருக்குத்தான் நடக்கும்போது நெஞ்சு அடைப்பது தெரியும். மூட்டு விடாததால் நடையே குறைந்துபோனவருக்கு இதயம் தன் குறையைச் சொல்ல வழியே இருப்பதில்லை. 1999ல் ஒரு மாலை இடது தோளும் தாடையும் வலிக்கின்றன என்றார். அந்தத் தோள் எப்போதும் வலிக்கிற தோள். நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். வழக்கமான வலி மாத்திரையையும் என் கையால் கொடுத்தேன். விடியும்முன் போய்விட்டார். ஐம்பத்தேழு வயது.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி என்ற முன்னறிவிப்பு இல்லாமலேயே மாரடைப்பு வந்துபோவதும், திடீர் மரணம் நேர்வதும் மற்றவர்களைவிட அதிகம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். படித்த அன்று இரவு உறங்கவில்லை.

இவர்களின் உயிரை மிகுதியாகப் பறிப்பது இதய ரத்தநாள நோய். அதனால் நேரும் இறப்பு பொதுமக்களைவிட ஏறக்குறைய ஐம்பது விழுக்காடு அதிகம் என்று 2008ல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று கூறியது. மூட்டின் உட்சவ்வை வீங்கவைக்கும் அதே அழற்சி, ரத்தக் குழாயின் உட்சுவரையும் விட்டுவைப்பதில்லை. அங்கே கொழுப்புப் படிவு உருவாகவும், உருவான படிவு வெடிக்கவும் அது துணைபோகிறது. அடுத்தபடியாக நுரையீரல் திசு தடித்து இறுகிப்போவதும் தொற்றுகளும் வருகின்றன. நிணநீர்ப் புற்றுநோய் அரிதென்றாலும் அதன் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. முதுகுத்தண்டைப் பிடிக்கும் அழற்சி வாதத்திலும் சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதத்திலும் இதய ஆபத்து கூடவே செய்கிறது.

இந்த இடத்தில் என் மனக்குறை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இறப்புக்கான காரணத்தை எழுதும் மருத்துவச் சான்றிதழில், நேரடிக் காரணத்துக்குக் கீழே, மரணத்துக்குத் துணைநின்ற பிற நோய்களைக் குறிக்கத் தனி இடம் உண்டு. அம்மாவின் சான்றிதழில் மேலே “மாரடைப்பு” என்று இருந்தது. கீழே ஒரு கோடு இழுத்திருந்தார்கள். சுண்டுவிரல் பக்கமாகச் சரிந்து கிடந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே அந்தக் கோட்டை இழுத்தார்களா என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். எழுதிய மருத்துவர் அவரை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார், அவரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை என்பதும் தெரியும். ஆனால் இப்படி விடுபடுவது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. இறப்புச் சான்றிதழ்களை மட்டும் நம்பினால் இந்நோயின் பங்கு குறைவாகவே தெரியும் என்று ஆய்வாளர்களே குறிப்பிடுகிறார்கள். “மூட்டு வலியால் யாரும் சாவதில்லை” என்ற நம்பிக்கைக்கு அந்தக் கோடுகளும் ஒரு காரணம்.

இவ்வளவு பட்டும் நான் புத்திசாலியாக நடந்துகொண்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். எனக்கு 2009ல் நோய் உறுதியாகி மெத்தோட்ரெக்சேட் தொடங்கியபோது, கல்லீரல் பற்றிய எச்சரிக்கையைப் படித்துப் பயந்து நான்காம் மாதமே நிறுத்திவிட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வலி மாத்திரையில் ஓட்டினேன். கல்லீரலுக்குப் பயந்தவனுக்கு, வலி மாத்திரைகளும் ரத்த அழுத்தத்தையும் மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டக்கூடியவை என்பது தோன்றவில்லை. ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரை அந்தக் காரணத்துக்காகவே 2004ல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது என்பதைச் செய்தியில் படித்தவன்தான் நான். போதாக்குறைக்கு, ரத்தக் கொழுப்பு குறைவாக வந்திருந்த அறிக்கையை எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். புதிதாகப் பார்க்கத் தொடங்கிய மூட்டுநோய் மருத்துவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவின் மேல் விரலை வைத்தார். “உள்ளே நெருப்பு எரியும்போது கொழுப்பு குறைவாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள்” என்றார். நோய் அடங்கியதும் என் கெட்ட கொழுப்பு உண்மையிலேயே ஏறியது. அப்போதுதான் அதற்கு மாத்திரை தொடங்கினார்.

மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி இன்னும் ஒன்று. 1,240 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2002ல் வெளிவந்தது; அதை எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு, எடுத்துக்கொள்ளாதவர்களைவிட அறுபது விழுக்காடு குறைவாக இருந்தது. சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை அன்று என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் ஆயுளைக் குறைக்கும் என்று நான் அஞ்சி ஒதுக்கிய மாத்திரையைப் பற்றிய செய்தி அது; நான் நிறுத்துவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே வெளியாகியிருந்தது.

அக்காவிடம் எண்களைச் சொல்லலாமா என்று தயங்குகிறீர்கள் போலும். எண்களை விடுங்கள், அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது கூடப் போங்கள். மூட்டுநோய் மருத்துவர் விரல்களைப் பார்ப்பார், பொது மருத்துவர் காய்ச்சலைப் பார்ப்பார், ரத்த அழுத்தத்தை இவர் பார்த்திருப்பார் என்று அவரும் அவர் பார்த்திருப்பார் என்று இவரும் விட்டுவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் மூன்றாண்டுகள் கழிந்தன. இதய ஆபத்தைக் கணக்கிடும் வழக்கமான அட்டவணைகள் முடக்குவாதத்தைக் கணக்கில் கொள்ளாதபோது, வரும் விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய மூட்டுநோய்ச் சங்கமான யூலாரின் பரிந்துரை சொல்கிறது. அதைக் கேட்டுப் பாருங்கள். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள். அக்காவோ வீட்டில் எவரோ புகைப்பவராக இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூட்டு, நுரையீரல், இதயம் மூன்றுக்கும் அது பகை. ஸ்டீராய்டு கொடுத்தால், எத்தனை நாளுக்கு, எப்படிக் குறைப்பது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தானாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, ஆண்டுக்கணக்கில் நீட்டுவதும் ஆபத்து. தாடையோ தோளோ புதுவிதமாக வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால், பழைய வலிதான் என்று எவரும் தைலத்தைத் தேட வேண்டாம்.

வாரம் ஒருமுறை என்று எழுதியிருப்பதாகச் சொன்ன அந்த மாத்திரை மெத்தோட்ரெக்சேட்டாகத்தான் இருக்கும். அதை நாள்தோறும் விழுங்கி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. என்னிடம் ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அறையின் மூடியில் மட்டும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அந்த அறைக்கு வெளியே அம்மாத்திரை இருக்கக் கூடாது. மற்ற நாளொன்றில், அதன் பக்கவிளைவுகளைக் குறைக்கும் ஃபோலிக் அமிலம். எந்த நாள் என்பதை அக்காவின் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.