பொம்மைப் பெட்டிக்குத் தவணை கட்டலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 9 மாதம் ஆகிறது. பிரசவத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட்டதால் கணவரின் ஒரே சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறது. ‘மூளை வளர்ச்சிப் பொம்மைகள்’ என்று இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்டி அனுப்பும் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். ஒரு பெட்டிக்கு 5 பொம்மைகள், ஆண்டுக்கு 6 பெட்டிகள். மொத்தச் சந்தா கணவரின் மாதச் சம்பளத்தில் 36 சதவீதம். வட்டியில்லாத் தவணை என்பதால் மாதம் 3 சதவீதம் வீதம் 12 மாதம் கட்டினால் போதும். முதல் தவணை கட்டியாகிவிட்டது, ரத்து செய்தால் அது திரும்பக் கிடைக்காது. பெட்டி இன்னும் வரவில்லை. அவசரத்துக்கென்று கையில் இருப்பது ஒரு மாதச் செலவுக்கான பணம்தான். இந்த வயதை விட்டால் பிடிக்க முடியாது என்கிறார்கள். தொடரலாமா? நிறுத்தினால் பிள்ளைக்குக் குறை வைத்தவள் ஆகிவிடுவேனா?

பதில்: நிறுத்திவிடுங்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னை அதிகம் பாதித்தது. அந்தப் பயத்தைக் கிளப்பித்தான் இப்படிப்பட்ட பெட்டிகள் விற்கப்படுகின்றன. எனக்கு அதில் கோபமே உண்டு.

முதலில் கட்டிய தவணை. அது போனது போனதுதான். தொடர்ந்தாலும் வராது, நிறுத்தினாலும் வராது. இனி கட்ட வேண்டிய 33 சதவீதம் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கும் முடிவு. மாதம் 3 சதவீதம் சிறியதாகத் தெரியும். ஆனால் அதையே அவசரப் பணத்தோடு சேர்த்து வந்தால், 11 மாதத்தில் ஒரு மாதச் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்துவிடும். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டில், ஒரு மாதச் செலவுக்கு மட்டும் பணம் வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது. அந்தச் சம்பளம் இரண்டு மாதம் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் மகனுக்கு அந்தப் பணம்தான் முதல் பாதுகாப்பு.

‘வட்டியில்லா’ என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே தடவையில் முழுத் தொகை கட்டினால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். அது குறைவாக இருந்தால் வித்தியாசம்தான் வட்டி. செயலாக்கக் கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். தேயும், உடையும், மாதக்கணக்கில் மறந்துபோகும் பொருளை எதற்காகவும் கடனில் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

சரி, அப்படியானால் என்ன வாங்குவது? பொம்மையின் விலையை, அது பயன்படப்போகும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, பட்டனைத் தட்டினால் பாட்டும் வெளிச்சமும் வரும் பொம்மை 6 பங்கு விலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் குழந்தைக்குச் சலித்துவிட்டால் மாதத்துக்கு 3 பங்கு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குக் கிண்ணங்கள் 1 பங்கு விலை, ஆனால் மூன்று வயது வரை 27 மாதம் ஓடும். மாதக் கணக்கில் முதல் பொம்மைக்கு 80 மடங்குக்கு மேல் செலவு.

27 மாதம் எப்படி ஓடும் என்கிறீர்களா? தரையில் நாலு கிண்ணத்தை நீங்கள் அடுக்கி வையுங்கள். ஒரே தட்டில் தள்ளிவிடுவான். நீங்கள் மறுபடி அடுக்குவதற்குள் கையை ஓங்கிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்ப்பான். அந்தப் பார்வைக்கு ‘ம், தட்டு’ என்று நீங்கள் சொல்வதும், அவன் தட்டியதும் ‘விழுந்துடுச்சே!’ என்பதும்தான் அந்த விளையாட்டின் உயிர். இந்த வயதில், கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பது அவனுக்குப் புரியத் தொடங்குகிறது. ஒரு பந்தைக் கிண்ணத்துக்கு அடியில் ஒளித்து வைத்தால் தூக்கிப் பார்ப்பான். ஒரு வயதை நெருங்கும்போது பொருள்களை உள்ளே போடுவதும் வெளியே எடுப்பதும் ஓயாமல் நடக்கும். ஒன்றரை வயதை ஒட்டி இரண்டு மூன்று கிண்ணங்களைத் தானே அடுக்குவான். அப்புறம் தண்ணீர் மொண்டு ஊற்ற, மணலை அள்ள, பெரிது சிறிது என்று வரிசைப்படுத்த, நிறம் சொல்ல. ஒரே பொருள், பிள்ளைதான் மாறிக்கொண்டே இருக்கிறான்.

ஆக, என் பட்டியல் சின்னது: அடுக்குக் கிண்ணங்கள், வாய்க்குள் போகாத அளவில் ஒரு மென்பந்து, சில மரக்கட்டைகள், தடித்த அட்டையில் இரண்டு மூன்று படப் புத்தகங்கள். இவ்வளவுக்கும் உங்கள் ஆண்டுச் சந்தாவில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். ரொக்கமாகவே வாங்கிவிடலாம். மீதியைச் சமையலறை தரும். மரக்கரண்டியும் மூடியும் போதும், இரண்டு கையிலும் பொருளைப் பிடித்து மோதவைக்கும் வயது இது. காலியான காகித டப்பாவுக்குள் துணித் துண்டுகளைத் திணித்துக் கொடுங்கள், ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே இருப்பான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சியைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

விலை உயர்ந்தது கூடுதலாக ஏதும் செய்யுமா என்ற சந்தேகம் வரும். 2016-ல் ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர் தங்கள் பெற்றோருடன் வீட்டில் விளையாடியதைப் பதிவு செய்தார்கள். மின்னணுப் பொம்மை பேசும்போது பெற்றோர் பேசுவது குறைந்தது. புத்தகத்தோடு இருக்கும்போதுதான் அதிகம் பேசினார்கள். 2018-ல் அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் 16 பொம்மைகளுக்கு நடுவில் இருந்ததைவிட 4 பொம்மைகளோடு இருந்தபோது ஒவ்வொன்றிலும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். உங்களுக்கு வரவிருந்தவை 30. இருப்பதில் நாலை வெளியே வைத்து, மற்றதை ஒளித்து வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பழையது புதிதாகிவிடும்.

பழைய பொம்மைகளை உறவினரிடமிருந்து வாங்கத் தயங்காதீர்கள். புத்தகம், கட்டை, கழுவக்கூடிய பிளாஸ்டிக் எல்லாம் சரிதான். ஆனால் பெயின்ட் உரியும் பழைய பொம்மை வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். விரிசல் விட்டதும் வேண்டாம். 32 மில்லிமீட்டருக்குக் குறைவான அகலமுள்ள துண்டு எதுவும் இந்த வயதில் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் அடைக்கும். பேட்டரி மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று உங்கள் கையாலேயே பாருங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள், சந்தேகம் வந்தால் தூக்கி எறியுங்கள். சக்கரம் வைத்த நடைவண்டிக்குள் உட்காரவைக்கும் வகையை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். படிகளில் உருண்டு விழும் ஆபத்து காரணமாகக் கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

முதல் பிறந்தநாள் வருகிறது. என்ன வாங்கலாம் என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் கூச்சப்படாமல் கட்டையும் புத்தகமும் சொல்லுங்கள். பணமாகத் தர விரும்பினால் பையன் பெயரில் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் செலவுக்குத் தயங்க வேண்டாம். 9 மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால் அதைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும், அவரே சொல்வார். எந்தப் பொம்மைப் பெட்டியும் அந்த வேலையைச் செய்யாது.

இப்போது செய்ய வேண்டியது: அடுத்த தவணைத் தேதிக்குள் ரத்துக் கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் சொல்வது போதாது. ரத்தானது என்ற பதிலைச் சேமித்து வையுங்கள். தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகிறதென்றால் வங்கியிலும் தனியாகச் சொல்லி அந்த ஒப்புதலை நிறுத்துங்கள். தவணை ஒரு கடன் நிறுவனத்தின் வழியாகப் போகிறதென்றால் அங்கிருந்தும் கணக்கு முடிந்ததற்கான கடிதம் வாங்குங்கள். இல்லாவிட்டால் கட்டாத தவணையாகப் பதிவாகி, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது உங்களுக்கே இடைஞ்சலாக வரும். அடுத்த இரண்டு மாதமும் கணக்கில் பணம் பிடிக்கப்படவில்லை என்று பார்த்துவிட்டு, அதே தேதியில் அந்த 3 சதவீதம் தானாகவே அவசரச் சேமிப்புக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள்.