ஆஸ்கரா, ஃபிளவர்ஹார்னா?

கேள்வி: வீட்டில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி இருக்கிறது. ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் ஆகிய இரண்டு அலங்கார மீன்களையும் சேர்த்து விடலாமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம். ஃபிளவர்ஹார்ன் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கி, கூட இருப்பதைக் கடித்துக் குதறும். ஒன்றை மட்டும் வளருங்கள். எங்கள் ஓட்டு ஆஸ்கருக்கு. தொட்டி சுமார் 250 லிட்டர் பிடிக்கும், ஓர் ஆஸ்கருக்கே அது சரியாக இருக்கும். கடையில் விரல் நீளத்தில் வாங்குவது ஓரடி வரை வளரும். கழிவும் அதிகம்: மணிக்கு 1000 லிட்டர் இறைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் வடிகட்டி) வையுங்கள், வாரந்தோறும் மூன்றிலொரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். தண்ணீர் கெட்டுக்கொண்டே இருந்தால் மீனின் தலையில் குழி விழலாம். கண்ணாடி ஹீட்டரை முட்டி உடைக்கும்; உறை போடுங்கள். துள்ளும், மூடியும் கனமாக இருக்கட்டும்.

உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் கரிமீனும் இவை இரண்டையும் போல சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்! ஆனால் அது கூட்டமாக வாழ்வது, உப்பு கலந்த நீர் அதற்கு உகந்தது. இந்தத் தொட்டிக்கு ஒத்துவராது.