மின்காந்த அலைகளைக் காதால் கேட்க வைக்கும் ஒலிக்கலை நிஜமா, இல்லை கம்ப்யூட்டர் வித்தையா? வீட்டில் செய்ய முடியுமா?

நிஜம்தான், வீட்டிலும் செய்யலாம். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்சாரம் ஓடும் என்று ஃபாரடே 1831இல் கண்டுபிடித்ததைப் பள்ளியில் படித்திருப்போமே, அடிப்படை அதுதான். அந்தத் துளி மின்சாரத்தைப் பெருக்கி ஹெட்போனில் விட்டால் சத்தமாகிறது.

இதைக் கலையாக வளர்த்தவர் ஜெர்மனியின் கிறிஸ்டினா குபிஷ். முதலில், வயர்களில் தான் ஓடவிட்ட ஒலிகளைச் சுருள் பொருத்திய ஹெட்போனோடு பக்கத்தில் போனால் மட்டும் கேட்கிற மாதிரி அமைத்தார். காலப்போக்கில் ஊரிலிருக்கிற மின்கருவிகளின் இரைச்சலும் நடுவில் புகுந்தது, அதைத் தடுக்காமல் 2004இல் அதையே படைப்பாக்கி, ஹெட்போனையும் ஒரு வரைபடத்தையும் கொடுத்து மக்களைத் தெருவில் நடக்கவிட்டார். எதைக் கேட்பது என்பதை நடப்பவர் கால்தான் முடிவு செய்கிறது, அதனால் பதிவுகளை மட்டும் கேட்டுவிட்டு இந்தக் கலையை எடைபோடாதீர்கள் என்பேன்.

நான் பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் அண்ணாச்சி கடையில் மெல்லிய செம்புக் கம்பி வாங்கி, நெருக்கமாகப் பல நூறு சுற்று சுற்றி, இரண்டு முனையிலும் இருக்கும் எனாமலை பிளேடால் சுரண்டிவிட்டு (சுரண்டாவிட்டால் ஈயம் ஒட்டவே ஒட்டாது) ஹெட்போன் வயர் முனையில் இருக்கிற மாதிரி ஒரு ஆடியோ பின்னில் பற்றவைத்து, சின்ன ஆம்ப்ளிஃபயரின் மைக் துளையில் சொருகிக் கேட்கிறேன். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் பக்கம் கொண்டுபோனால் கரகரவென்று கத்தும், குமிழைத் திருப்பத் திருப்ப அந்தக் கரகரப்பும் மாறும். அப்படியே சுருளைக் கையில் கால் வட்டம் திருப்புங்கள், சத்தம் கிட்டத்தட்ட அடங்கிவிடும், ஏனென்றால் காந்தப்புலத்துக்குத் திசை உண்டு. அடுத்து இன்வெர்ட்டர், அப்புறம் செல்போன் சார்ஜர் என்று போகலாம். எதையும் திறக்க வேண்டாம், தொட வேண்டாம், டிரான்ஸ்பார்மர் பக்கம் போகவே வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் நம்ம திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கிறது. விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளம் 1990இலிருந்து இயங்குகிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் இடம், ஏனென்றால் மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள்தான் கடல்நீருக்குள் ஓரளவாவது இறங்கும். அங்கிருந்து வரும் அலைகளில் ஒன்று 18.2 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 18,200 அதிர்வு). மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது எண்ணிக்கையில் பார்த்தால் அது நம் காதுக்குள் அடங்குகிற அதிர்வு! காற்று அதிரவில்லை என்பதால்தான் கேட்காமல் வாழ்கிறோம். நாங்குநேரிப் பக்கம் பருத்திப்பால் குடித்துக்கொண்டு நிற்பவர் மேலெல்லாம் அது பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இதைப் பிடிக்கத் தளத்துக்குப் பக்கத்தில் போகத் தேவையில்லை, கடல் கடந்து போகிற அலை அது. மின்கம்பிகள் தள்ளி இருக்கும் இடத்தில், ஒரு மரச்சட்டத்தில் பெரிய சுருளாகச் சுற்றி, லேப்டாப்பின் மைக் துளையில் கொடுங்கள். நொடிக்கு 48,000 மாதிரி (சாம்பிள்) எடுத்துப் பதிந்தால், அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும். பிறகு பாதி வேகத்தில் ஓட்டினால் 18.2 என்பது 9.1 ஆகிவிடும், வயதானவர்களில் பலருக்கும் அது காதில் விழும்.