ஃபெடரல் வழக்கில் பரோல் இல்லை, ஆனால் வழி இருக்கிறது

டெக்சாஸில் 80 கிராம் மெத் (மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) வைத்துப் பிடிபட்ட உங்கள் தம்பி பாதித் தண்டனையில் பரோலில், அதாவது நிபந்தனையோடு முன்கூட்டியே, வெளியே வந்துவிடுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். மாநில வழக்காக இருந்தால் பேச்சே வேறு, ஆனால் இது ஃபெடரல் வழக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசு நடத்தும் வழக்கு, சகோதரி. 1987 நவம்பருக்குப் பிந்தைய குற்றங்களுக்கு அங்கே பரோலே கிடையாது. நன்னடத்தைக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள் குறையும்.

முதலில் லேப் ரிப்போர்ட்டைப் பாருங்கள். வேறு பொருள் கலந்த மொத்த எடையைக் கணக்கிட்டால் 50 கிராமுக்கு மேல் குறைந்தபட்சம் 5 வருடம், 500 கிராமைத் தொட்டால்தான் 10. ஆனால் அதிலுள்ள சுத்தமான மெத் மட்டுமே 50 கிராம் இருந்தால் நேராக 10 வருடம், அதிகபட்சம் ஆயுள். 95 சதவீதம் சுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் 76 கிராம், அதுதான் எனக்குக் கவலை.

சரி, வழி என்ன? பழைய வழக்கு எதுவும் இல்லை, துப்பாக்கி இல்லை, யாரையும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை, கும்பலுக்குத் தலைவனாகவும் இல்லை என்றால் 'சேஃப்டி வால்வ்' என்ற விதிப்படி நீதிபதி அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகலாம். அதற்குத் தண்டனை விசாரணைக்கு முன்பே தனக்குத் தெரிந்த உண்மை முழுவதையும் அரசுத் தரப்பிடம் சொல்லியாக வேண்டும், அதுவும் வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

அப்புறம், தயவுசெய்து ஜெயில் போனில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள், எல்லாம் பதிவாகும். அவனிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே குடியேற்ற வக்கீலைப் பாருங்கள், ஏனென்றால் இந்தக் குற்றத்துக்கு நாடுகடத்தல் கிட்டத்தட்ட உறுதி.