வாசகர் கேள்வி: முதல் மாநிலங்களின் மவுசு

கேள்வி: அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வில் அயோவா போன்ற சின்ன மாநிலத்துக்கு ஏன் இத்தனை மவுசு?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: கட்சியின் வேட்பாளர் தேர்வு மாநிலம் மாநிலமாக நடக்கும்; ஜனநாயகக் கட்சியில் 2020 வரை அயோவாதான் முதல். அங்கே கிடைக்கும் பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு வாக்களிப்பவர்கள்) சொற்பம்தான். ஆனால் முதலில் ஜெயித்தவர் பக்கம் நன்கொடையும் டிவி கேமராவும் திரும்பிவிடும். 2008 ஜனவரி 3, குளிர்கால இரவு. அயோவா ஜனநாயகக் கட்சியினர் பள்ளிக்கூடங்களில் கூடி, அவரவர் வேட்பாளருக்கான மூலையில் போய் நின்றார்கள். பெரும்பாலும் வந்தவர்களில் 15 சதவீதம் தேறாத கூட்டம் கலைந்து வேறு மூலைக்கு நகர வேண்டியிருந்தது. வெள்ளையர்கள் மிகுந்த அந்த மாநிலத்தில் ஒபாமா ஜெயித்தார் என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

சரி, அயோவா முதலில், நியூ ஹாம்ப்ஷயர் அடுத்து என்ற அந்த வரிசை நியாயமாக இருந்ததா? எனக்கு உடன்பாடில்லை. 2020இல் பைடன் அயோவாவில் நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம். கறுப்பின வாக்காளர்கள் நிறைந்த தென் கரோலினாதான் அவரைத் தூக்கி நிறுத்தியது. அவர்கள் ஏன் நான்காவது மாநிலமாகக் காத்திருக்க வேண்டியிருந்தது?